ஸ்காலர்ஷிப் யாருக்குன்னு முடிவு பண்றது யாரு? உத்திரமேரூர் குடவோலையில இருந்து இன்றைய சாஃப்ட்வேர் வரை!

ஜூன் மாதக் காலை. உத்திரமேரூர் தாலுகாவில் ஏதோ ஓர் இ-சேவை மையம்னு வெச்சுக்கோங்க. வாசல்ல பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க வரிசை. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே ஆதார், ரேஷன் கார்டு, மார்க் ஷீட் ஜெராக்ஸ்.

"அண்ணா, எனக்கு மட்டும் ஏன் இன்னும் ஸ்காலர்ஷிப் வரலை? என்கூட படிச்ச பொண்ணுக்குப் போன மாசமே ஏறிடுச்சு."

"சிஸ்டத்துல ரிஜெக்ட்னு காட்டுதும்மா. ஏன்னு எனக்கே தெரியலை."

கிட்டத்தட்ட எல்லா ஊர்லயும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. ஆனா, அந்தப் பொண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை. கிராமத்துல இருந்து காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ தினமும் பஸ்ல போய்ப் படிக்கணும். பஸ் செலவு, பரீட்சைக் கட்டணம், புத்தகம்னு வருஷத்துக்குச் சில ஆயிரங்கள் கூடினாலே வீட்ல பேச்சு மாறிடும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏத்திட்டுப் போற கம்பெனி பஸ் காலையில ஊருக்குள்ளேயே வந்து நிக்குது. "காலேஜ் எதுக்கு, அந்த பஸ்ல ஏறிடு"ன்னு சொல்ல எத்தனையோ பேர் இருக்காங்க. படிப்பா, வேலையாங்கிற அந்த முடிவு சில நேரம் திரையில தெரியற ஒரே ஒரு வார்த்தையில தொங்குது.

அந்த வார்த்தையை யார் எழுதறாங்க? கம்ப்யூட்டரா, அதிகாரியா, விதியா? அதைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

சாஃப்ட்வேர் என்னதான் பண்ணுது?

விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் வருகின்றன, பணமோ அளவாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்து முடிவு செய்வது நடக்காத காரியம். சிபாரிசு, முகதாட்சண்யம் எல்லாம் உள்ளே நுழைய வாய்ப்பும் உண்டு. அதனால்தான் உலகம் முழுக்க 'முடிவெடுக்க உதவும் மென்பொருள்' பயன்பாட்டுக்கு வந்தது. பெயரைக் கவனியுங்கள்: முடிவெடுக்க 'உதவும்' மென்பொருள். கடைசியில் ஒப்புதல் தருவது கல்லூரியோ, அதிகாரியோ, குழுவோதான். ஆனால், திரையில் 'தகுதியில்லை' என்று வந்துவிட்டால் அதை மீறிக் கையெழுத்துப் போட எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

உள்ளே நடப்பது பெரிய மாயாஜாலம் இல்லை. மொத்தம் நான்கே வேலைகள்தான்.

1. சலிப்பது: தகுதி இல்லாதவர்களை முதலிலேயே வெளியே எடுப்பது.

2. மதிப்பிடுவது: மீதி இருப்பவர்களுக்கு மார்க், வருமானம், குடும்பச் சூழல் ஆகியவற்றை வைத்துப் புள்ளிகள் போடுவது.

3. வரிசைப்படுத்துவது: பணம் தீரும் வரை மேலிருந்து கீழே தேர்வு செய்வது. சமநிலை வந்தால் அதைத் தீர்ப்பது.

4. சரிபார்ப்பது: பொய்த் தகவல், இரட்டை விண்ணப்பம் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பது.

இந்த நான்கில் எங்கே வேண்டுமானாலும் அநியாயம் நடக்கலாம். அதைப் புரிந்துகொள்ள உத்திரமேரூரைவிட நல்ல இடம் கிடைக்காது. ஏன்னா, இந்த ஊர் 1,100 வருஷத்துக்கு முன்னாடியே தேர்வு விதிகளைச் சுவத்துல வெட்டி வெச்ச ஊர்.

சுவரில் எழுதிய விதிகள்

பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே போய்விடலாம். வைகுண்டப் பெருமாள் கோயிலின் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று 919-ம் ஆண்டைச் சேர்ந்தது, இன்னொன்று 921-ம் ஆண்டைச் சேர்ந்தது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிப்பவை. பாடப்புத்தகத்தில் 'சோழர் கால ஜனநாயகம்' என்று ரெண்டு மார்க் கேள்வியாகப் படித்திருப்போம். ஆனால், ஒரு புரோகிராமர் கண்ணோடு பாருங்கள்.

முதலில் சல்லடை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. இப்போது நாம் வார்டு என்கிறோமே, அது மாதிரி. பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும், வேதக் கல்வி வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை.

அடுத்து ஒரு சலுகை. நிலம் அரைக்கால் வேலிதான் இருக்கிறது, ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் பிறருக்கு விளக்கும் அளவு கற்றவர் என்றால் அவர் பெயரையும் எழுதலாம். ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்டும் இந்த ஏற்பாட்டைத்தான் இன்றைய சாஃப்ட்வேர் பாஷையில் 'வெயிட்டேஜ்' என்கிறோம்.

கடைசியாகக் குலுக்கல். தகுதியானவர்களின் பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் போடப்படும். சபை முழுக்கக் கூடியிருக்க, எல்லோருக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார் மூத்த பூசாரி. விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்துவிடக் கூடாது இல்லையா! அவர் வாசித்த பெயரை மற்றவர்களும் வாங்கி வாசிப்பார்கள்.

இதையெல்லாம் விடச் சுவாரஸ்யம், இரண்டு கல்வெட்டுகள் இருப்பதுதான். 919-ல் போட்ட விதிகளை ரெண்டே வருஷத்துல திருத்தி, இன்னும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இப்போ ஆப் அப்டேட் வர்ற மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

குலுக்கலில் ஏமாற்ற வழியே இல்லை. சரி, அப்போ அந்தத் தேர்வு நியாயமானதுதானா? குடத்துக்குள் யாருடைய ஓலை போகவே இல்லை என்று பாருங்கள். நிலம் இல்லாத உழவர் பெயர் இல்லை, பெண்கள் பெயர் இல்லை, வேதம் படிக்க அனுமதிக்கப்படாத சாதிகளின் பெயர் இல்லை. குலுக்கலுக்கு முன்பே அவர்கள் ஆட்டத்திலேயே சேர்க்கப்படவில்லை. ஸ்காலர்ஷிப் சாஃப்ட்வேரைப் பார்க்கும்போது நாம் மனசுல வெச்சுக்க வேண்டிய முதல் பாடம் இதுதான்: ரேங்க் லிஸ்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் சல்லடையைப் பாருங்க.

இன்றைய சல்லடை: ஒரு ரூபாய் கூடினாலும் வெளியேதான்

இன்றைய உதவித்தொகைகளில் முதல் சல்லடை பெரும்பாலும் வருமான வரம்பு. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒவ்வொரு கோடு.

கிராமப்புறப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு படிப்பவர்களுக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வுக்கு 3.5 லட்சம். எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு 2.5 லட்சம். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கான மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு 4.5 லட்சம். பொறியியல், டிப்ளமோ சேரும் மாணவிகளுக்கான பிரகதி திட்டத்துக்கு 8 லட்சம்.

கோடு போடுவதில் தப்பு இல்லை, எங்கேயாவது போட்டுத்தான் ஆகணும். ஆனால், கம்ப்யூட்டருக்கு 'கிட்டத்தட்ட' என்ற வார்த்தை தெரியாது. 2,49,000 உள்ளே. 2,51,000 வெளியே. இரண்டு வீட்டுக்கும் மாசத்துக்கு இருநூறு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. ஆனால், ஒரு வீட்டுக்கு முழு உதவி, இன்னொரு வீட்டுக்கு எதுவும் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது. தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு உண்டு, வங்கியில் கணக்கு உண்டு. அவருடைய வருமானம் ரூபாய் பைசா சுத்தமாகத் தெரியும். ரொக்கத்தில் வியாபாரம் செய்யும் இன்னொருவரின் வருமானம் அவர் சொல்வதுதான். மழை பொய்த்த வருஷமும் விளைந்த வருஷமும் ஒரு விவசாயிக்கு ஒன்றா? தறி ஓட்டுபவருக்குப் பாவு கிடைத்த மாதம் ஒரு கணக்கு, கிடைக்காத மாதம் வேறு கணக்கு. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போய்ச் சான்றிதழில் ஓர் எண்ணாக மாறியதும், அந்தக் கதையெல்லாம் மறைந்துவிடும். சாஃப்ட்வேருக்குத் தெரிவது அந்த எண் மட்டும்தான்.

அதனால்தான் சில நாடுகளில் கோட்டுக்குப் பதிலாகச் சரிவு வைக்கிறார்கள். அமெரிக்காவில் கல்லூரி உதவிக்கான விண்ணப்பத்தை வைத்து, ஒரு குடும்பத்தால் எவ்வளவு சமாளிக்க முடியும் என்று ஓர் எண் கணக்கிடப்படுகிறது. அந்த எண் ஏற ஏற உதவி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பூஜ்ஜியத்துக்குக் கீழே மைனஸ் 1,500 வரைகூட அந்த எண் போகலாம். ரொம்பக் கஷ்டத்தில் இருக்கும் குடும்பங்களை அப்படி அடையாளம் காண்கிறார்கள்.

வெயிட்டேஜ்: மூணு பேர், ஒரே டேட்டா, ரெண்டு ரிசல்ட்

இப்போ ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, பெருக்கலும் கூட்டலும்தான்.

கற்பனையாக ஓர் அறக்கட்டளை, ஒரே ஒரு மாணவருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியும். விண்ணப்பித்தவர்கள் மூன்று பேர். மார்க், பணத்தேவை, குடும்பச் சூழல் (முதல் பட்டதாரியா, பெற்றோரில் ஒருவர் மட்டும்தானா போன்றவை) மூன்றுக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று புள்ளி போட்டாச்சு.

கூலி வேலைக்குப் போகும் அம்மாவின் மகள்: மார்க் 65, தேவை 90, சூழல் 80.

நெசவாளர் வீட்டுப் பையன்: மார்க் 80, தேவை 70, சூழல் 60.

கம்பெனி ஊழியர் வீட்டுப் பெண்: மார்க் 96, தேவை 50, சூழல் 40.

முதல் முறை. மார்க்குக்கு 60 சதவிகிதம், தேவைக்கு 30, சூழலுக்கு 10 என்று வெயிட்டேஜ் தருகிறோம். கணக்குப் போட்டால் கம்பெனி ஊழியர் மகளுக்கு 76.6, நெசவாளர் மகனுக்கு 75, கூலித் தொழிலாளி மகளுக்கு 74. கட்டணம் கம்பெனி ஊழியர் மகளுக்கு.

இரண்டாவது முறை. மார்க்குக்கு 30, தேவைக்கு 50, சூழலுக்கு 20. இப்போது கூலித் தொழிலாளி மகளுக்கு 80.5, நெசவாளர் மகனுக்கு 71, கம்பெனி ஊழியர் மகளுக்கு 61.8. வரிசை அப்படியே தலைகீழ்.

அதே மூன்று பேர், அதே டேட்டா, அதே சாஃப்ட்வேர். மாறினது மூணே மூணு எண்கள். அந்த மூன்று எண்களையும் எழுதியவர் ஒரு மனிதர். 'கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடுச்சு'ன்னு யாராவது சொன்னா, அந்த எண்களை எழுதினது யாருன்னு கேட்கலாம்.

சரி, நியாயமான எண் எது? கணிதத்தில் அதற்குப் பதில் கிடையாது. ஆனால், யோசிக்க ஒரு வழி உண்டு. 1970-களில் தாமஸ் சாட்டி என்ற கணிதவியலாளர் உருவாக்கிய முறையில், குழுவினரிடம் இரண்டிரண்டாகக் கேட்பார்கள். மார்க் முக்கியமா, தேவை முக்கியமா? எத்தனை மடங்கு? தேவையா, சூழலா? எத்தனை மடங்கு? அந்தப் பதில்களிலிருந்து வெயிட்டேஜ் கணக்கிடப்படும். பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அதையும் காட்டிக் கொடுத்துவிடும். இந்தோனேசியா உட்படப் பல நாடுகளில் உதவித்தொகை சாஃப்ட்வேர் பற்றி எழுதுபவர்கள் அதிகம் எடுத்துக்கொள்ளும் முறைகளில் இதுவும் ஒன்று.

நம்ம ஊர்த் திட்டங்களிலும் இப்படி எண்கள் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையையே எடுத்துக்கோங்க. ஆண்டுக்கு 82,000 புதிய உதவித்தொகைகள், இளநிலைப் படிப்புக்கு வருஷம் 12,000 ரூபாய். மாநிலங்களுக்கு 18 முதல் 25 வயது வரையிலான மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கிறார்கள். பாதி, பெண்களுக்கு. அதற்குள் அறிவியல், வணிகவியல், கலைப் பிரிவு மாணவர்களுக்கு 3:2:1 என்ற விகிதம். அதாவது, அறிவியல் படித்தவர்களுக்கு மூன்று இடம் என்றால் வரலாறு, பொருளாதாரம் படித்தவர்களுக்கு ஒன்று. இது சரியா தப்பா என்று விவாதிக்கலாம். ஆனால், விகிதம் வழிகாட்டு நெறிமுறையில் வெளிப்படையாக இருப்பதால்தான் விவாதிக்கவே முடிகிறது.

சாதி, மதம் கேட்காத சாஃப்ட்வேரும் பாகுபாடு காட்டும்!

'நாங்க சாதி, மதம் எதையும் கேட்கலை, கம்ப்யூட்டருக்கு எல்லாரும் சமம்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீங்க. இது எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு நெதர்லாந்தில் நடந்த ஒரு விஷயம் உதாரணம்.

அங்கே மாணவர் உதவித்தொகையை நிர்வகிக்கும் அரசு அமைப்பின் பெயர் டூவோ. பெற்றோருடன் வசிக்கும் மாணவருக்குக் குறைந்த தொகை, தனியாகத் தங்கிப் படிப்பவருக்குக் கூடுதல் தொகை. சிலர் வீட்டிலேயே இருந்துகொண்டு வெளியே தங்குவதாகப் பொய் சொல்லலாம் அல்லவா? அதைப் பிடிக்க 2012-லிருந்து ஒரு கணிப்பு முறையைப் பயன்படுத்தினார்கள். வயது குறைவு என்றால் சந்தேகப் புள்ளி. தொழிற்கல்வி படித்தால் கூடுதல் புள்ளி. பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்திலேயே தங்கியிருந்தால் இன்னும் கூடுதல். புள்ளி அதிகமானவர்களின் வீட்டுக்கு ஆய்வாளர்கள் போவார்கள்.

இனம், பூர்வீகம் எதுவும் கணக்கில் இல்லை. ஆனால், வெளிநாட்டுப் பூர்வீகம் கொண்ட குடும்பத்துப் பிள்ளைகள் தொழிற்கல்வியில் அதிகம், பெற்றோர் வீட்டுக்கு அருகிலேயே தங்குவதும் அதிகம். விளைவு, சோதனைக்கு ஆளானவர்களில் அவர்களே அதிகம். 2023-ல் பத்திரிகையாளர்கள் இதை வெளியே கொண்டு வந்தார்கள். 2024 மார்ச்சில் அரசு மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு நவம்பரில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்காக 6.1 கோடி யூரோ ஒதுக்குவதாக அறிவித்தது.

இதை நம்ம பக்கம் பொருத்திப் பாருங்க. சாதியைக் கேட்காமல் தெருப் பெயரையும் ஊர்ப் பெயரையும் கேட்டால் போதாதா? பல கிராமங்களில் ஊர் எது, காலனி எது என்பது முகவரியிலேயே தெரிந்துவிடும். அதனால் ஒரு சாஃப்ட்வேர் நியாயமானதா என்று அறிய, அது எதைக் கேட்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. கடைசியில் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று முடிவுகளையும் எண்ணிப் பார்க்கணும்.

சமமா வந்தா? சீட்டு குலுக்குறது தப்பே இல்லை!

கடைசி ஓர் இடத்துக்கு ஒரே புள்ளியில் ஐந்து பேர் நிற்கிறார்கள். என்ன செய்வது? பெயரின் முதல் எழுத்து வரிசை வைத்தால் 'வ'வில் ஆரம்பிப்பவர்கள் காலம் முழுக்கக் கடைசிதான். முதலில் விண்ணப்பித்தவர் என்று வைத்தால், வீட்டில் நெட் இருப்பவர் ஜெயிப்பார். 0.1 மார்க் வித்தியாசத்தைத் திறமை வித்தியாசம் என்று சொல்வதும் நேர்மையில்லை.

இந்த இடத்தில் குலுக்கல்தான் நேர்மையான வழி. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவிகித இடங்களுக்கு விண்ணப்பங்கள் அதிகமானால் தமிழ்நாட்டில் குலுக்கல் முறையில்தான் தேர்வு செய்கிறார்கள். குலுக்கலில் வராதவருக்கு வருத்தம் இருக்கும். ஆனா, 'நான் தகுதியில்லாதவன்'ங்கிற எண்ணம் இருக்காது. ஒரே நிபந்தனை, அந்த ஐந்து விரல் விரித்த கை வேண்டும். கம்ப்யூட்டர் குலுக்கினாலும் எல்லோர் முன்னிலையிலும் நடக்க வேண்டும், யாரெல்லாம் குடத்தில் இருந்தார்கள் என்ற பட்டியல் முன்பே தெரிய வேண்டும்.

ரேங்க் லிஸ்ட்டே வேண்டாம்னா?

இதற்கு நேர் எதிரான வழியும் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் வருமான வரம்பு இல்லை, மார்க் கட் ஆஃப் இல்லை, ரேங்க் லிஸ்ட்டும் இல்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்து உயர்கல்வியில் சேர்ந்த மாணவி என்றால் மாதம் 1,000 ரூபாய். பிறகு இது அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் தொடங்கியது.

இங்கே சாஃப்ட்வேரின் வேலை ரொம்பச் சுலபம். எங்கே படித்தார் என்ற பதிவு எமிஸ் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கல்லூரிப் பதிவோடு அதைப் பொருத்திப் பார்த்தால் முடிந்தது. வருமானத்தை நிரூபிக்க அலைய வேண்டாம். மூன்று பேரை மோதவிட்டு ஒருவரைத் தேர்வு செய்ய வேண்டாம்.

இதிலும் ஒரு விலை இருக்கு. எல்லோருக்கும் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் தொகை சிறியதாகிவிடும். மாதம் 1,000 ரூபாய் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் உதவும். விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் பெண்ணுக்கு அது போதாது. அவருக்குப் பெரிய தொகை வேண்டும், பெரிய தொகை என்றால் தேர்வு வேண்டும், தேர்வு என்றால் மறுபடி சல்லடையும் வெயிட்டேஜும். அதனால்தான் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. புதுமைப் பெண் பெறுபவர்கள் வேறு உதவித்தொகையும் பெறலாம் என்று அரசு சொல்லியிருப்பது இதனால் முக்கியமானது.

உங்க விண்ணப்பம் எங்கே சிக்கும்?

பல விண்ணப்பங்கள் ரேங்க் லிஸ்ட் வரை போவதே இல்லை. வழியிலேயே நின்றுவிடும். போனில் இருந்தே இதையெல்லாம் பார்த்துவிடலாம்.

பெயரும் இனிஷியலும்: ஆதார், எமிஸ், மார்க் ஷீட் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கா? இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்தாலே கம்ப்யூட்டர் வேறு ஆள் என்று நினைக்கலாம்.

வருமானச் சான்றிதழ்: ஒரு வருஷம்தான் செல்லும். விண்ணப்பம் திறந்த பிறகு ஓடாமல், மே மாசமே எடுத்து வெச்சுடுங்க. குடும்பத்தில் நீங்கதான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழும் சேர்த்து.

வங்கிக் கணக்கு: ஆதார் ஜெராக்ஸை வங்கியில் கொடுத்துட்டோம்னு நினைச்சு விட்டுடாதீங்க. நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக ஆதாரோடு இணைக்கப்பட்ட கணக்கு எது என்பதை மை ஆதார் தளத்தில் பார்க்கலாம். பணம் அந்தக் கணக்குக்குத்தான் போகும். கணக்கே இல்லையா? தபால்காரர் மூலமாகவே அஞ்சலக வங்கிக் கணக்கு தொடங்கலாம்.

சப்மிட் கொடுத்ததோடு முடியலை: தேசிய உதவித்தொகைத் தளத்தில் முதலில் உங்கள் கல்லூரி சரிபார்க்கணும், பிறகு அடுத்த நிலை அதிகாரி. நடுவில் 'டிஃபெக்டிவ்' என்று திருப்பி அனுப்பினால், கடைசித் தேதிக்குள் நீங்கள் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். வாரம் ஒரு தடவை ஸ்டேட்டஸ் பாருங்க. விண்ணப்ப எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்ல ஒருத்தருக்கு அனுப்பி வைங்க.

நிராகரிச்சா: காரணம் கேளுங்க. அரசுத் திட்டம் என்றால் 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்க கையில் இருக்கு. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மூன்று கேள்விகள் போதும்: என் விண்ணப்பம் எந்த விதியின் கீழ் நிராகரிக்கப்பட்டது? எனக்குக் கிடைத்த புள்ளி என்ன? தேர்வானவர்களின் குறைந்தபட்சப் புள்ளி என்ன? தனியார் அறக்கட்டளைகளிடம் சட்டப்படி கேட்க முடியாது. ஆனா, அதே கேள்விகளை மரியாதையா மெயில்ல கேட்கலாம்.

வருமான வரம்பும் தொகையும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துட்டு விண்ணப்பியுங்க.

ஊர்ல நீங்களே உதவி கொடுக்கிறீங்களா?

முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குரூப், ஊர் இளைஞர் மன்றம், கோயில் விழாக் குழு என்று பலரும் வருஷத்துக்கு நாலு பேருக்காவது ஃபீஸ் கட்டுகிறார்கள். பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம். கூகுள் ஃபார்மும் எக்ஸலும் போதும். விதிகள் மட்டும் சரியா இருக்கணும்.

வெயிட்டேஜை விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே குரூப்பில் போடுங்க. விண்ணப்பங்களைப் பார்த்த பிறகு எண்களை மாற்றினால், நமக்குத் தெரிந்த பிள்ளைக்கு ஏற்ற மாதிரி கை தானாகப் போகும். புள்ளி போடுபவருக்குப் பெயர் தெரியக் கூடாது, எண் மட்டும் போதும். ஒரே விண்ணப்பத்துக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் புள்ளி போடட்டும். கமிட்டி உறுப்பினரின் உறவுக்காரப் பிள்ளை விண்ணப்பித்தால், அந்த வருஷம் அவர் கமிட்டியில் உட்கார வேண்டாம். வருமானச் சான்றிதழை மட்டும் நம்பாமல் ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு வாங்க. சமமாக வந்தால் எல்லோர் முன்னாலும் சீட்டு குலுக்குங்க. கிடைக்காதவருக்குக் காரணத்தை எழுதிக் கொடுங்க. அடுத்த வருஷம், யாரெல்லாம் விண்ணப்பிக்கவே இல்லை என்று யோசித்து விதிகளைத் திருத்துங்க.

உத்திரமேரூர்ப் பக்கம் போனா வைகுண்டப் பெருமாள் கோயில்ல பத்து நிமிஷம் நில்லுங்க. அந்த விதிகளில் விட்டுப்போனவர்கள் நிறைய. ஆனால், சபைக்கு வந்து போனவர்கள் பார்க்கும்படி எல்லாமே சுவரில் இருந்தது. இ-சேவை மையத்துல நிக்கிற அந்தப் பொண்ணு கேட்கறதும் அதைத்தான். கிடைக்கலைன்னா பரவாயில்லை, ஏன்னு மட்டும் எழுதிக் காட்டுங்கண்ணா.